எக்ஸ்-மென்: 2020இல் விட்டவன் எங்கிருந்து தொடர்வது?

பனையோலை:
வணக்கம் நண்பர்களே. நான் எக்ஸ்-மென் படிப்பதை 2020 நவம்பரோடு நிறுத்தியவன். 'எக்ஸ் ஆஃப் ஸ்வார்ட்ஸ்' கிராஸ்ஓவரின் 22 பகுதிகளையும் முடித்த கையோடு நின்றுவிட்டது. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது, நானும் ஊர் மாறினேன். திரும்பிப் பார்த்தால் ஒரு யுகமே ஓடிவிட்டிருக்கிறது. மியூட்டன்ட்கள், அதாவது பிறவியிலேயே அபூர்வ சக்தி உள்ளவர்கள், தங்கள் நாடாக்கிக்கொண்ட க்ரகோவா தீவு போய்விட்டது என்பது மட்டும் தெரியும். எப்படிப் போனது என்று தெரியாது, தயவுசெய்து அதைச் சொல்லிவிடாதீர்கள்.

2019இல் 'ஹவுஸ் ஆஃப் எக்ஸ்', 'பவர்ஸ் ஆஃப் எக்ஸ்' இரண்டும் வாரா வாரம் மாறி மாறி வந்தபோது நான் படித்தது போல வேறு எந்த காமிக்ஸையும் படித்ததில்லை. மொத்தம் 12 இதழ். மூன்றாவது வாரம் மொய்ராவின் பத்துப் பிறவிகள் ஒரே வரைபடமாக விரிந்த பக்கத்தில் அரைமணி நேரம் நின்றிருப்பேன். ஒவ்வொரு பிறவியிலும் முந்தைய பிறவிகளின் நினைவு முழுவதையும் சுமந்துகொண்டு மறுபடி தாய் வயிற்றிலிருந்து தொடங்கும் ஒருத்தி!

நான் தொழிலால் மொழிபெயர்ப்பாளன், பெரும்பாலும் சட்ட ஆவணங்கள். அதனாலேயே எனக்கு இந்தக் கூட்டத்தில் மிகப் பிடித்தவன் சைஃபர், அதாவது டக் ராம்சே. பறக்க மாட்டான், சுவரை உடைக்க மாட்டான். எந்த மொழியைக் கேட்டாலும் புரிந்துகொள்வான், அவ்வளவுதான் அவன் சக்தி. அவனுக்குத்தான் அந்த வாள் சண்டைக் கதையில் ஒரு மணமேடை கிடைத்தது. உலகத்து மொழியெல்லாம் புரிகிறவனுக்கு, மனைவியாக வந்த பெய் என்ற போர்வீராங்கனை பேசுவது மட்டும் புரியவில்லை. நான் படித்து நிறுத்திய இடம் கிட்டத்தட்ட அதுதான். இத்தனை வருடமும் அந்த இருவரும் எப்படி இருக்கிறார்களோ என்று அவ்வப்போது நினைத்திருக்கிறேன்.

எங்கிருந்து தொடங்கட்டும்? எல்லாவற்றையும் படிக்க நேரமில்லை. முக்கியமானதை விடவும் மனமில்லை.

கடைசிப்பக்கம்:
வாருங்கள் பனையோலை. நல்ல இடத்தில்தான் நிறுத்தியிருக்கிறீர்கள்.

முதலில் 2021இல் தொடங்கிய 'இன்ஃபெர்னோ'. நான்கே இதழ்கள். 'ஹவுஸ் ஆஃப் எக்ஸ்' எழுதிய ஹிக்மேன் கடைசியாக எழுதிவிட்டு விடைபெற்ற கதை. மொய்ரா, மிஸ்டிக், டெஸ்டினி மூவருக்கும் இடையில் 'ஹவுஸ் ஆஃப் எக்ஸ்'ஸில் போட்ட முடிச்சு இங்கேதான் இறுகுகிறது. உங்கள் டக் இதில் செய்யும் காரியம் ஒன்று இருக்கிறது. அதைப் படித்துவிட்டு இங்கே வந்து எழுதுங்கள்.

அதற்கு முன்னால் 2021 ஜூனில் வந்த 'பிளானட்-சைஸ் எக்ஸ்-மென்' என்ற ஒற்றை இதழ் கட்டாயம். மியூட்டன்ட்கள் சேர்ந்து செவ்வாய்க் கிரகத்தையே உயிர்கள் வாழும் இடமாக மாற்றுகிறார்கள். பெப்பே லாராஸின் ஓவியம், மார்ட்டே கிராசியாவின் வண்ணம். கடல் இறங்கும் அந்தப் பக்கங்களை போனில் பார்க்காதீர்கள், குறைந்தது டேப்லெட்டிலாவது பாருங்கள்.

அப்புறம் இரண்டு தொடர்கள்: கீரன் கில்லன் எழுதிய 'இம்மார்ட்டல் எக்ஸ்-மென்', அல் யூவிங் எழுதிய 'எக்ஸ்-மென் ரெட்'. ஒவ்வொன்றும் 18 இதழ். இந்த 36ஐயும் மாற்றி மாற்றிப் படித்தால் க்ரகோவாவின் பிற்பாதியில் சிறந்தது உங்கள் கையில் வந்துவிடும். நடுவில் 2022இன் 'ஜட்ஜ்மென்ட் டே' குறுக்கே வரும். அதன் ஆறு மைய இதழ்களைப் படித்தால் போதும், கிளைக் கதைகளை எல்லாம் தேடி அலைய வேண்டாம். 2023இன் 'சின்ஸ் ஆஃப் சினிஸ்டர்' 11 இதழ். அதை விடக் கூடாது. வுல்வரினின் வாழ்வும் சாவும் என்று வந்த இரட்டைத் தொடரை நான் விட்டுவிடச் சொல்வேன். வுல்வரின்மேல் உயிராக இருப்பவர்கள் மன்னிக்கவும்.

இரவுப்பணி:
கடைசிப்பக்கம் அண்ணா சொன்ன வரிசை சரிதான். ஆனால் பனையோலை, உங்களுக்கு என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். க்ரகோவா காலம் எனக்கு ஒட்டவே இல்லை. காரணம் ஒன்றுதான். அங்கே யார் செத்தாலும் ஐந்து பேர் கூடி முட்டையிலிருந்து திரும்பக் கொண்டுவந்துவிடுகிறார்கள். சேவியர் செரிப்ரோ என்ற கருவியில் எடுத்து வைத்த நினைவின் நகலை ஊற்றுகிறார், மறுநாள் எழுந்து நடக்கிறார்கள். ஒருவன் நண்பனைக் காப்பாற்ற உயிரைக் கொடுக்கிறான் என்றால் எனக்கு நெஞ்சு பதற வேண்டாமா? டக் ராம்சேயே அப்படிச் செத்தவன்தான். 1988இல் 'நியூ மியூட்டன்ட்ஸ்' 60ஆம் இதழில் தோழி ரேனுக்கு வந்த குண்டைத் தான் வாங்கிக்கொண்டான். அந்தச் சாவு இன்றும் எனக்கு வலிக்கிறது. க்ரகோவாவில் ஆயிரம் பேர் செத்தும் அந்த வலி வரவில்லை.

அதனால் நேராக 2024 ஜூலையில் தொடங்கிய 'ஃப்ரம் தி ஆஷஸ்' காலத்துக்கு வந்துவிடலாம் என்பேன்.

நீலவால்:
இரவுப்பணி, இதில் உங்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். சாவை எடுத்துவிட்டதால் கதை இலேசாகவில்லை, வேறு வகையில் கனத்தது.

2020இல் வந்த ஹிக்மேனின் 'எக்ஸ்-மென்' ஏழாம் இதழை நினைத்துப் பாருங்கள். வாண்டா என்ற சூனியக்காரியின் சொல்லால் சக்தியை இழந்தவர்கள் மறுபடி அதைப் பெற வேண்டுமானால் செத்துப் பிறக்க வேண்டும். தானே உயிரை விட்டால் அது தற்கொலை. அதனால் களத்தில் இறங்கி அப்போகலிப்ஸோடு வாளெடுத்துச் சண்டை போட்டு, அவன் கையால் சாக வேண்டும். மெலடி கத்ரி என்ற சின்னப் பெண் ஊரே சுற்றி நின்று பார்க்க அப்படி இறக்கிறாள். அண்ணன் அதைப் பார்க்கிறான். கர்ட், என்னுடைய நைட்கிராலர், கத்தோலிக்க நம்பிக்கை உள்ளவன். "திரும்பி வருவது நாம்தானா? ஆன்மா என்ன ஆகிறது?" என்று அவன் தன்னையே கேட்டுக்கொண்டு திரிகிறான். செத்தவர் திரும்பி வரும் ஊரில்தான் இந்தக் கேள்வியைக் கேட்க முடியும்.

ராக்ஸ்லைடை மறந்துவிட்டீர்களா? வேற்றுலகத்தில் செத்ததால் அவன் திரும்பி வந்தபோது வேறொருவனாக வந்தான். அதே உடம்பு, ஆனால் நண்பர்களுக்குத் தெரிந்த சாண்டோ இல்லை. ஒருவன் செத்துப்போவதைவிட, அவன் முகத்தோடு இன்னொருவன் வந்து முன்னால் நிற்பது கொடுமை.

மேக்னீட்டோவையும் சொல்லலாம். ஆனால் பனையோலை இன்னும் 'ரெட்' படிக்கவில்லை. வாயை மூடிக்கொள்கிறேன்.

இரவுப்பணி:
ராக்ஸ்லைட் விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். அந்த ஏழாம் இதழையும் இன்றிரவு திரும்பப் படிக்கிறேன். வந்தபோது அதை வேகமாகப் புரட்டிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

பனையோலை:
'இன்ஃபெர்னோ' முடித்துவிட்டேன். நேற்று இரண்டு மணிவரை தூங்கவில்லை.

(நான்கு இதழையும் படிக்காதவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போங்கள்.)

டக் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான்! தீவோடு பேசத் தெரிந்த ஒரே ஆள் அவன். தீவுக்குக் கேட்டதெல்லாம் அவனுக்கும் கேட்டிருக்கிறது. க்ரகோவாவை ஆண்ட சபையில் பன்னிரண்டு நாற்காலி போட்டு அரசியல் நடத்தியவர்கள், ஓரமாக நின்று தீவின் சொல்லை மொழிபெயர்த்தவனை ஒருநாளும் பொருட்படுத்தவில்லை. கடைசியில் மிஸ்டிக்கும் டெஸ்டினியும் மொய்ராவைக் கொல்லப் போகும்போது குறுக்கே நின்று தடுப்பவன் அவன்தான்.

நான் இருபது வருடமாகக் கூட்டங்களில் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். மொழிபெயர்ப்பவனை யாரும் ஆளாகப் பார்ப்பதில்லை, அவன் இருக்கிறான் என்பதையே மறந்து பேசுவார்கள். அவன் காதில் விழாதது எதுவும் இல்லை. இதை ஒரு சூப்பர்ஹீரோ கதையில் பார்ப்பேன் என்று நினைத்ததே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். க்ரகோவா எழுத்துகளை டாம் முல்லர் வடிவமைத்தார் அல்லவா? பழைய இதழ்களை எடுத்து அந்தக் குறியெழுத்துகளை மறுபடி ஒவ்வொன்றாகப் படித்தேன். எழுத்துக்கு எழுத்து ஆங்கிலத்தை மாற்றிப் போட்டதுதான், இலக்கணம் தனியாக ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒரு புதிய நாடு பிறந்ததும் முதல் வேலையாகத் தனக்கென்று ஓர் எழுத்தைச் செய்துகொள்கிறது, அதைச் செய்தவன் டக் என்று கதையிலேயே வருகிறது. மொழியில்லாமல் நாடில்லை என்று எழுதியவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

வடமராட்சிக்காற்று:
பனையோலை, உங்கள் பதிவைப் பார்த்துத்தான் நானும் எழுத வந்தேன். பல மாதமாக வாசிப்பதோடு சரி.

நான் கனடாவில் இருக்கிறேன். பதினோரு வயதில் வீட்டை விட்டு வெளிக்கிட்டவன். 2023 ஜூலையில் வந்த 'ஹெல்ஃபயர் காலா' இதழை ஒரு காமிக்ஸ் கடையில் வாங்கி, ரயிலில் வைத்து வாசித்தேன். என்ன நடக்கிறது என்று நான் சொல்லப் போவதில்லை. அதில் மக்கள் வரிசையாக நடந்துபோகும் பக்கங்கள் சில வரும். யாரும் ஓடவில்லை, நடக்கிறார்கள். நான் இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டி மூன்று நிலையம் போய்விட்டேன்.

எக்ஸ்-மென் கதையில் இடம் அழிவது இது முதல் தடவை இல்லை. 2001இல் மாரிசன் எழுதியபோது ஜெனோஷா என்ற மியூட்டன்ட் நாட்டில் ஒரு நாளில் 1 கோடியே 60 லட்சம் பேர் செத்தார்கள். 2005இல் வாண்டா மூன்றே சொல்லில் கிட்டத்தட்ட எல்லோருடைய சக்தியையும் பறித்தாள். ஆனால் அவையெல்லாம் அவர்களுக்கு வெளியில் இருந்து வந்து விழுந்த அடி. க்ரகோவா அவர்கள் தாங்களே கட்டிய வீடு. அவர்கள் அங்கே பாடினார்கள், பிள்ளைகளை வளர்த்தார்கள், சட்டம் எழுதினார்கள், தங்களுக்குள்ளே அநியாயமும் செய்தார்கள். அதனால்தான் அது போனபோது தாங்க முடியவில்லை.

இரவுப்பணி தம்பி, நேராக 2024க்கு வாருங்கள் என்று சொன்னீர்கள். வீட்டில் ஒருநாளும் இருந்து பார்க்காதவருக்கு, அதை இழந்தவர்களின் கதை எப்படி விளங்கும்? பனையோலை அந்த 36 இதழையும் வாசிக்கட்டும்.

இரவுப்பணி:
சரி அண்ணா. நீங்கள் சொன்னதற்குப் பிறகு நான் அதை மறுக்க மாட்டேன்.

பனையோலை:
மூன்று வாரமாக ஆளைக் காணோம் என்று நினைத்திருப்பீர்கள். படித்துக்கொண்டிருந்தேன். 'இம்மார்ட்டல்', 'ரெட்' இரண்டும் முடிந்தன. 'சின்ஸ் ஆஃப் சினிஸ்டர்' முடிந்தது. வடமராட்சிக்காற்று சொன்ன அந்த 'காலா' இதழும் முடிந்தது. அதைப் பற்றி எழுத இப்போது கை வரவில்லை அண்ணா. உங்கள் பதிவை மறுபடி எடுத்துப் படித்தேன்.

'இம்மார்ட்டல்' எனக்குள் ஒரு பழக்கத்தையே மாற்றிவிட்டது. ஒவ்வோர் இதழும் சபை உறுப்பினர் ஒருவரின் மனக்குரலில் போகிறது. எக்ஸோடஸைப் பற்றி எனக்கு எப்போதும் நல்ல அபிப்பிராயம் கிடையாது, மதவெறி பிடித்த ஆள் என்று ஒதுக்கியிருந்தேன். அவன் குரலில் அவன் இதழைப் படித்தபோது அந்த நம்பிக்கையின் உள்பக்கம் தெரிந்தது. சினிஸ்டர் ரகசியமாக மொய்ராவின் நகல்களை வளர்த்து வைத்திருப்பது, காரியம் கெட்டால் ஒரு நகலைக் கொன்று காலத்தைப் பின்னால் தள்ளிப் புதிதாகத் தொடங்குவது, இதையெல்லாம் கில்லன் முதல் இதழிலேயே வைத்துவிட்டார். லூகாஸ் வெர்னெக் வரையும் முகங்களும் அதற்கு ஈடு கொடுக்கின்றன.

'ரெட்'டில் மேக்னீட்டோ. நீலவால், அன்றைக்கு நீங்கள் வாயை மூடிக்கொண்டதற்கு நன்றி. யுரானோஸ் என்ற எதிரி இதயத்தைப் பிடுங்கிவிட்ட பிறகும், தன் ரத்தத்திலிருக்கும் இரும்பைத் தானே இழுத்து ஓடவைத்துக்கொண்டு நின்று சண்டை போடுகிறார். நினைவின் நகலை முன்பே அழித்துவிட்டதால், விழுந்தால் திரும்பி வர வழியில்லை. பக்கத்தில் ஸ்டார்ம். செவ்வாய்க் கிரகத்து மக்கள் சாவைச் சாவாகவே மதிப்பவர்கள். அவர்கள் நடுவில் அவர் அப்படிப் போவதுதான் பொருத்தம். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மொட்டைமாடியில் கொஞ்ச நேரம் நடந்தேன்.

நீலவால்:
இப்போது 'ரிசரக்‌ஷன் ஆஃப் மேக்னீட்டோ' படிக்கலாம். 2024இல் வந்தது, நான்கு இதழ். அதையும் யூவிங்தான் எழுதினார், லூசியானோ வெக்கியோவின் ஓவியம். ஸ்டார்ம் அவரைத் தேடி மறுவுலகத்துக்கே போகிறாள். "திரும்பி வா" என்று அவள் கூப்பிடுவதும், அவர் வரத் தயங்கும் காரணமும்தான் கதை. அடிதடி குறைவு.

எனக்காக இன்னும் ஒன்று: 2023 கடைசியில் வந்த 'எக்ஸ்-மென் புளூ: ஆரிஜின்ஸ்' ஒற்றை இதழ். சை ஸ்பரியர் எழுதியது. கர்ட்டின் பிறப்பு பற்றி எத்தனையோ வருடமாகச் சொல்லிவந்த கதையை மாற்றி, மிஸ்டிக்கும் டெஸ்டினியும் அவனுக்கு உண்மையில் யார் என்று சொல்கிறது. கர்ட் அந்த இருவர் முன்னால் நிற்கும் பக்கத்தில் நான் அழுதேன்.

கடைசிப்பக்கம்:
முடிவைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். 2024இன் 'ஃபால் ஆஃப் தி ஹவுஸ் ஆஃப் எக்ஸ்', 'ரைஸ் ஆஃப் தி பவர்ஸ் ஆஃப் எக்ஸ்' இரண்டும் ஐந்தைந்து இதழ். ஐந்து வருடம் கட்டியதை அந்தப் பத்து இதழில் மடித்து வைத்துவிட்டார்கள். எனக்கு அது ஆறாத மனக்குறை. ஆர்க்கிஸ் என்ற எதிரி அவ்வளவு பெரிதாக வளர்ந்துவிட்டு, சட்டென்று சரிகிறது. நிம்ராட், மொய்ரா இருவருக்கும் இன்னும் இடம் கொடுத்திருக்கலாம். கில்லன் எழுதிய பாதி பரவாயில்லை. இரண்டையும் முடித்துவிட்டு, பழைய எண்ணிக்கையில் 700 என்று போட்டு வந்த ஜூன் மாதத்து 'எக்ஸ்-மென்' 35ஆம் இதழைப் படியுங்கள். விடைபெறுவதற்கு அந்த ஓர் இதழ் நேரம் எடுத்துக்கொள்கிறது.

இரவுப்பணி:
இனி என் பேட்டை. புதிய காலத்தை நான் சொல்கிறேன்.

மூன்று பெரிய தொடர்கள், மூன்று வீடுகள். ஜெட் மெக்கே எழுதும் 'எக்ஸ்-மென்' அலாஸ்காவில் மெர்ல் என்ற சின்ன ஊரில் நடக்கிறது. முன்பு ஆர்க்கிஸ் சென்டினல்களைச் செய்த தொழிற்சாலைதான் இப்போது சைக்ளாப்ஸின், அதாவது ஸ்காட்டின் வீடு. தன் இனத்தைக் கொல்ல இயந்திரம் செய்த இடத்திலேயே குடியிருக்கிறார்கள். அலாஸ்கா ஸ்காட்டுக்குச் சொந்த ஊர்ப் பக்கம் என்பதையும் மறக்க வேண்டாம். கெயில் சிமோன் எழுதும் 'அன்கேனி' லூசியானாவில். ரோக், கேம்பிட், கர்ட், லோகன், ஜூபிலி, அவர்களைத் தேடி வந்த நான்கு இளையவர்கள். டேவிட் மார்க்கெஸ் வரைந்த இதழ்களில் அந்த ஈரமும் மரங்களும் பக்கத்திலிருந்து மணக்கும். ஈவ் யூவிங் எழுதிய 'எக்ஸெப்ஷனல்' சிகாகோவில். இனி யாரையும் வழிநடத்த மாட்டேன் என்று ஒதுங்கிய கிட்டி பிரைட், மூன்று பிள்ளைகளுக்கு ஆசிரியை ஆகிறாள்.

சேவியரின் பழைய பள்ளிக்கூடம் என்ன ஆனது தெரியுமா? மியூட்டன்ட்களை அடைக்கும் சிறை. கிரேமால்கின் என்று பெயர். அந்த வாசலை அத்தனை வருடம் பார்த்த எனக்கு முதல் இதழில் வயிற்றைப் பிசைந்தது.

வடமராட்சிக்காற்று அண்ணா சொன்னதை வைத்து இவற்றை மறுபடி படித்தேன். நான் முதலில் கவனிக்காத ஒன்று தெரிந்தது. மூன்று வீட்டிலும் யாரும் க்ரகோவாவைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பேச்சு வந்தால் நிறுத்திக்கொள்கிறார்கள். முன்பு இதை எழுதியவர்களின் மறதி என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

கடைசிப்பக்கம்:
அது எழுதியவர்களின் மறதியும்தான் என்பேன் தம்பி. மெக்கேவிடம் அந்த மௌனத்துக்கு அர்த்தம் இருக்கிறது. அவருடைய பீஸ்ட்டைப் பாருங்கள்: க்ரகோவாவில் தன் பெயரில் நடந்த கொடுமைகள் எதுவும் நினைவில் இல்லாத பழைய ஹேங்க், எல்லோரும் தன்னை ஏன் அப்படிப் பார்க்கிறார்கள் என்று மெல்லத் தெரிந்துகொள்கிறான். மற்றவர்களிடம் அது வெறும் விலகல். போதாததற்கு ஆரம்பத்திலேயே ஏகப்பட்ட தொடர்களை ஒன்றாக இறக்கினார்கள். 'என்ஒய்எக்ஸ்', 'எக்ஸ்-ஃபோர்ஸ்', 'எக்ஸ்-ஃபேக்டர்' மூன்றும் பத்து இதழோடு நின்றன. 'என்ஒய்எக்ஸ்'ஸில்தான் க்ரகோவாவை இழந்த இளையவர்களின் கோபம் நேராகப் பேசப்பட்டது. அதை வளரவிட்டிருக்க வேண்டும்.

வடமராட்சிக்காற்று:
பேசாமல் இருப்பதும் உண்டு அண்ணா. என் அம்மா இருபது வருடம் ஊர்ப் பெயரையே எடுக்கவில்லை. ஒருநாள் முருங்கைக்காய் வாங்கி வந்தபோது தொடங்கினா, விடியும்வரை நிறுத்தவில்லை. மெக்கேயின் ஸ்காட்டை நான் அப்படித்தான் வாசிக்கிறேன். 'என்ஒய்எக்ஸ்' பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி.

பனையோலை:
மெக்கேயின் தொடரையும் சிமோனின் தொடரையும் படித்துவிட்டேன். சிகாகோ பாதியில் இருக்கிறது. நான் படிக்கும் மார்வெல் அன்லிமிடெட் ஆப்பில் இதழ்கள் மூன்று மாதம் தாமதித்துத்தான் வரும், அதனால் எப்படியும் உங்களுக்குப் பின்னால்தான் இருப்பேன்.

இப்போது ஒரு பயம். 2025 அக்டோபரில் தொடங்கி மூன்று மாதம் எல்லாத் தொடர்களையும் நிறுத்திவிட்டு 'ஏஜ் ஆஃப் ரெவலேஷன்' ஓடியது என்று பார்த்தேன். 1995இன் 'ஏஜ் ஆஃப் அப்போகலிப்ஸ்' போல. பத்து வருடம் கழித்து நடக்கும் அந்தக் கதையில் ஆட்சி செய்பவன் ரெவலேஷன். அட்டையைப் பார்த்ததும் உறைந்துவிட்டேன். டக்! 'ஏர் ஆஃப் அப்போகலிப்ஸ்' கதையில் அப்போகலிப்ஸ் அவனை வாரிசாகத் தேர்ந்தெடுத்தது தெரியும். இந்த அளவுக்குப் போவான் என்று நினைக்கவில்லை.

எனக்கு இது மனதுக்குள் இறங்கவே மாட்டேன் என்கிறது. எல்லோர் சொல்லையும் கேட்டுப் புரிந்துகொள்வதே சக்தியாக இருந்தவன், இப்போது தன் சொல்லால் மற்றவர்களை ஆட்டிவைக்கிறான். கேட்பவனாக இருந்தவன் கட்டளையிடுபவனாக ஆகிவிட்டான். எழுதியவர்கள்மேல் கோபமா, இவ்வளவு சரியாக யோசித்திருக்கிறார்களே என்ற வியப்பா என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. படிக்கட்டுமா, விடட்டுமா?

நீலவால்:
படியுங்கள். ஆனால் நேராகப் போகாதீர்கள். முதலில் 'இம்மார்ட்டல்' தொடரில் டக்கின் குரலில் வந்த இதழை மறுபடி எடுங்கள். பெய்யோடு அவன் எப்படி வாழ்கிறான் என்று கேட்டீர்களே, பதில் அங்கே இருக்கிறது. அதற்கும் முன்னால் இரவுப்பணி சொன்ன 'நியூ மியூட்டன்ட்ஸ்' 60. லூயிஸ் சைமன்சன் எழுதியது. அவன் எப்படிப்பட்ட பையனாக இருந்தான் என்று ஒருமுறை பார்த்துவிட்டு ரெவலேஷனிடம் போங்கள்.

இரவுப்பணி:
60 ஆப்பில் இருக்கிறது. 55இலிருந்து எடுத்தால் பேர்ட்-பிரெய்ன் என்ற பறவை மனிதனும் வந்து சேர்வான், கதை தெளிவாகும். மொத்தம் ஆறு இதழ்தான். நானும் கூடவே படிக்கிறேன்.

பனையோலை:
சரி. இன்றிரவு 55.